கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி



இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளையார் நிறுவனங்களும் நுகர்வோரும் என்று பொதுவாக ஒரு தலைப்பைக் கொடுத்து, மீதியை என்னிடமே விட்டுவிட்டார்கள். இந்தத் தலைப்பில் போபால் விஷவாயுக் கசிவைப் பற்றிப் பேசலாம். புகைச் சோதனையில் தில்லுமுல்லு செய்து 2015இல் மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனியைப் பற்றிப் பேசலாம். குற்றவாளி தூரத்தில் இருப்பதால் பேசுகிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும் சங்கடம் இராது. நான் பாறசாலையில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்க வேண்டி வருகிற ஓர் ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். சங்கடம் கொஞ்சம் இருக்கும். இந்த அவையிலேயே பணம் போட்டவர்கள் இருக்கலாம். பணம் பிடித்துக் கொடுத்தவர்களும் இருக்கலாம்.

2017 செப்டம்பர், ஓணம் வந்த மாதம். கன்னியாகுமரி மாவட்டம் பளுகலை அடுத்த மத்தம்பாலையில், நிர்மல் கிருஷ்ணா என்ற பெயரில் நடந்துவந்த சிட்டி (சீட்டு), நிதி நிறுவனம் கதவைச் சாத்தியது. பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்றும், சிக்கிய தொகை பல நூறு கோடி என்றும் செய்திகள் வந்தன. தொகை பத்திரிகைக்குப் பத்திரிகை மாறியது. ஆகவே நான் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது வேறு விவரம். அலுவலகம் தமிழ்நாட்டு மண்ணில். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் கேரளத்தவர்: பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர்கள். கடனைத் தீர்க்க வழியில்லை என்ற மனு, நம் பேச்சில் ஐ.பி., திருவனந்தபுரம் நீதிமன்றத்தில். குற்ற விசாரணை தமிழ்நாட்டுப் பொருளாதாரக் குற்றப் பிரிவில். அந்த வழக்குக்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையில். உரிமையாளர் அந்த ஆண்டே கைதானார். குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் ஒரு மாநிலம், ஆபீஸ் ஒரு மாநிலம், திவால் மனு ஓரிடம், வழக்கு 250 கிலோமீட்டருக்கு அப்பால் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இரண்டு மாநிலங்களுக்கும் இடையில் கோடு எப்போது விழுந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர குடும்பங்கள் பிரியவில்லை. பெண் எடுத்தது பளுகலில் இருக்கும், ஆஸ்பத்திரி காரக்கோணத்தில் இருக்கும், மீனும் மரச்சீனியும் களியக்காவிளைச் சந்தையில் இருக்கும். ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தால்தான் எந்த மாநிலம் என்று சொல்ல முடியும் என்கிற வீடுகள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிற சிட்டி ஆபீஸை யாரும் வெளிமாநில நிறுவனம் என்று நினைக்கமாட்டார்கள். நம்ம ஊர்க் கம்பெனி என்றுதான் நினைப்பார்கள்.

பாறசாலையில் கேரளப் பால்வளத் துறைக்கு ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. ஆரியங்காவு, மீனாட்சிபுரம், பாறசாலை என்று இந்த மூன்று இடங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டியை நிறுத்தி, மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். ஓணத்தை ஒட்டிச் சோதனை கூடுதலாக இருக்கும். நல்ல காரியம். 2018இல் கலப்படத் தேங்காயெண்ணெய் என்று கேரள அரசு பல பிராண்டுகளைத் தடை செய்தது, அதுவும் சரி. ஒரு லிட்டர் பாலில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஆய்வகமும் ஆளும் வைத்திருக்கிற அதே சாலையில், ஒரு தையல்காரரின் இருபது வருடச் சேமிப்பு எந்தக் கேள்வியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகிறது. அதற்குச் சாவடி இல்லை. இருக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் கேள்வி கேட்க ஓர் அலுவலகமாவது இருந்ததா? அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு பேச்சை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். கம்பெனி மூடியவுடனே டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி வரை எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்பு: பேராசை பெருநட்டம். வட்டிக்கு ஆசைப்பட்டார்கள், அனுபவிக்கிறார்கள். இந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளமும் வங்கிக் கணக்கும் உள்ளவர்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனபோது, கேரளத்தின் ஆரம்பக் கூட்டுறவு வங்கிகளுக்கு நோட்டை மாற்றித் தர அனுமதி இல்லை. தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் வரிசையில் நின்றவர்களை இந்தத் தாலுகாவில் யாருக்குத் தெரியாது? 2017 ஜூலை கடைசியில் ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கு வட்டியை மூன்றரை சதவீதமாகக் குறைத்தது. வங்கிக்குப் போனால் நாலு விண்ணப்பம், நாலு கையெழுத்து, மகளின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டால் சம்பளச் சான்றிதழ். சிட்டிக்காரரிடம் போனால் அப்பன் பேர் சொன்னாலே போதும். ரப்பர் வெட்டுகிறவருக்கும் பாலராமபுரத்து நெசவாளிக்கும் பொழியூர் மீனவருக்கும் சம்பளச் சான்றிதழ் யார் கொடுப்பார்கள்? அவர்கள் போனது ஆசையினால் அல்ல, வேறு கதவு திறக்காததால்.

அதிலும் சிட்டி என்பது சூதாட்டம் அல்ல. அதன் கணக்கு மிகவும் நேர்மையான கணக்கு. இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். முதல் மாதம் ஒரு லட்சம் சேர்கிறது. அவசரத்தில் இருக்கிற ஒருவர் 25,000 தள்ளி, 75,000க்கு ஏலத்தில் எடுக்கிறார். தள்ளிய 25,000இல் நடத்துகிறவருக்கு 5,000 கமிஷன். மீதி 20,000ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஆயிரம். ஆக மற்றவர்கள் அந்தத் தவணைக்குக் கட்டுவது நாலாயிரம்தான். கடன் தேவைப்பட்டவருக்குக் கடன், சேமிக்க நினைத்தவருக்கு லாபம், இரண்டும் அந்த இருபது பேருக்குள்ளேயே முடிகிறது. வெளியிலிருந்து யாரும் வந்து லாபம் சம்பாதித்துத் தர வேண்டியதில்லை. ஆகவே ஒழுங்காக நடக்கிற சிட்டி உடைவதற்குக் காரணமே குறைவு. கேரள அரசே 1969இல் கே.எஸ்.எஃப்.இ. என்ற நிதி நிறுவனத்தைத் தொடங்கி, திருச்சூரைத் தலைமையிடமாக வைத்து இன்றுவரை இதே கணக்கைத்தான் நடத்துகிறது.

அப்படியென்றால் எங்கே உடைகிறது? சிட்டி முடிகிற இடத்தில் உடைகிறது. சிட்டி பிடித்தவர் பணத்தை வாங்க வருகிறார். கவுண்டரில் இருப்பவர் அக்கறையோடு கேட்பார்: "இப்பவே எடுத்துட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க? கல்யாணம் தை மாசம்தானே. இங்கேயே கிடக்கட்டும், மாசா மாசம் வட்டி வாங்கிக்கலாம்." அந்த வார்த்தைக்குத் தலையாட்டிய நொடியில் அவர் சந்தாதாரர் அல்ல, வைப்புதாரர். கையில் இருந்த பாஸ்புக்குக்குப் பதிலாக ஒரு ரசீது வருகிறது. பாஸ்புக்குக்குப் பின்னால் 1982ஆம் ஆண்டுச் சிட்டி நிதிச் சட்டம் இருக்கிறது: தொடங்குவதற்கு முன் பதிவாளரிடம் அனுமதி, ஒரு சிட்டித் தொகைக்கு ஈடான பிணைப்பணம், சந்தாதாரர் கையில் ஒப்பந்த நகல், அரசின் அனுமதி இல்லாமல் சிட்டிக் கம்பெனி வேறு தொழில் செய்யக் கூடாது என்ற தடை. ரசீதுக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. ஆனால் அதே கவுண்டர், அதே ஆள், அதே சாமி படம். மாறியது தெரிவதற்கு வழியே இல்லை. இந்த வைப்புப் பணத்துக்கு வட்டி எங்கிருந்து வரும்? நிலத்தில் போட்டு நிலம் ஏற வேண்டும், அல்லது அடுத்தவர் போடும் வைப்பிலிருந்து வர வேண்டும். முதலாவது நின்றால் இரண்டாவது தொடங்கும். இரண்டாவது தொடங்கிவிட்டால் முடிவு தேதி மட்டும்தான் தெரியாது.

காகிதத்தை மாற்றுகிற இந்த வித்தை எல்லைக்கு மட்டும் சொந்தமல்ல. கோன்னிக்குப் பக்கத்தில் வகயாரைத் தலைமையிடமாகக் கொண்ட பாப்புலர் ஃபைனான்ஸ் 2020 ஆகஸ்டில் விழுந்தது. சுமார் 2,000 கோடி என்றார்கள். வைப்பு என்று நினைத்துப் பணம் கொடுத்தவர்கள் கையில் இருந்தது எல்.எல்.பி. எனப்படும் கூட்டு நிறுவனங்களின் காகிதம். அதாவது எழுத்தின்படி அவர்கள் பணம் கொடுத்தவர்கள் அல்ல, தொழிலில் பங்காளிகள். நட்டம் வந்தால் பங்காளி யாரிடம் போய்க் கேட்பது? பழைய பெயர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் நிதி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் 2024இல் கைதானார். கூட்டுறவு என்ற சொல்லும் கவசமாகவில்லை. கருவண்ணூர்க் கூட்டுறவு வங்கி முறைகேட்டை விடுங்கள், இங்கே மாறநல்லூர்ப் பக்கத்துக் கண்டலா சேவைக் கூட்டுறவு வங்கியில் 101 கோடி ரூபாய் முறைகேடு என்று கணக்கு வந்து, 2023 நவம்பரில் அமலாக்கத் துறை வந்து சோதனை போட்டது.

வங்கி என்று பலகை மாட்டியிருக்கும் ஆரம்பக் கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புக்கு, ஐந்து லட்ச ரூபாய் வரையிலான மத்திய வைப்புக் காப்பீடு கிடையாது. கேரள அரசின் தனி உத்தரவாத நிதிதான் உண்டு. வங்கி என்ற சொல்லைச் சங்கங்கள் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் எச்சரித்ததும், கேரளமே எதிர்த்து நின்றதும் நினைவிருக்கும். அந்தச் சண்டையில் மாநில உரிமை என்ற நியாயம் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வைப்புதாரரின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போயிற்று.

வைப்புக் காப்பீடு என்றேன். அது இந்தியாவுக்கு வந்ததே கேரளத்துக் கண்ணீரால்தான். 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்ததைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் வங்கியை மூட ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த அதிர்ச்சியில்தான் 1961இல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்து, 1962 ஜனவரி 1 முதல் ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு வந்தது. 2020 பிப்ரவரியில் அது ஐந்து லட்சமானது. ஆனால் அந்தக் குடைக்குள் நிற்பது வங்கிகள் மட்டுமே. சிட்டிக் கம்பெனியும் நிதியும் அன்றும் வெளியே, இன்றும் வெளியே.

இனி எல்லைக்கு வருகிறேன். கோட்டைத் தாண்டிப் பதிவு செய்வது என்பது மத்தம்பாலைக்கு முன்பே கேரளச் சிட்டித் தொழில் கண்டுபிடித்த வழி. கேரளத்தில் 1975ஆம் ஆண்டின் கேரளச் சிட்டிச் சட்டம் கெடுபிடியாக இருந்தது. 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ அப்போது ஜம்மு காஷ்மீருக்குப் பொருந்தவில்லை. ஆகவே கேரளத்தில் ஆள் சேர்த்து, கேரளத்தில் பணம் பிரித்து, கேரளத்தில் ஏலம் விட்டு, பதிவை மட்டும் ஜம்முவில் வைத்துக்கொண்ட கம்பெனிகள் இருந்தன. ஜம்முவைப் படத்தில்கூடப் பார்த்திராத நெய்யாற்றின்கரைக்காரர் தன் சிட்டிக்கான பதிவாளரைத் தேடி ஜம்மு தாவி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியிருந்தது. சிரிக்கிறீர்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கேரளச் சட்டமன்றம் 2002இல் இதற்கு ஒரு மருந்து கண்டது. சிட்டி வெளிமாநிலத்தில் பதிவானதாக இருந்தாலும், சந்தாதாரர்களில் இருபது சதவீதமோ அதற்கு மேலோ கேரளத்தில் குடியிருந்தால், நடத்துகிறவர் கேரளத்தில் ஒரு கிளை திறந்து இங்கேயும் பதிவு செய்ய வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. நான் படித்த நிதிச் சட்டங்களில் இவ்வளவு எளிய அறிவுள்ள விதி வேறில்லை. கம்பெனியின் பலகை எங்கே தொங்குகிறது என்று அது பார்க்கவில்லை. பணம் கொடுத்தவன் எங்கே தூங்குகிறான் என்று பார்த்தது. பளுகல் போன்ற இடத்துக்கென்றே தைத்த சட்டை.

அந்தச் சட்டை நிற்கவில்லை. மார் அப்ரேம் குறி கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2012 மே மாதம் தீர்ப்பளித்தது. ஒரே பொருளைப் பற்றிப் பாராளுமன்றம் 1982இல் சட்டம் இயற்றிவிட்டது. அது கேரளத்தில் அமலுக்கு வந்ததா இல்லையா என்பது கேள்வியல்ல. அதற்கு முரணான மாநிலச் சட்டம் அன்றே செல்லாததாகிவிட்டது என்றது தீர்ப்பு. சட்டத் தர்க்கத்தில் குறை சொல்ல நான் ஆளில்லை. வழக்குப் போட்ட கம்பெனியும் தன் உரிமையைத்தான் கேட்டது. கேரள அரசு அதற்குச் சில நாள் முன்பே, ஏப்ரல் 30 முதல், மத்தியச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்திருந்தது. ஜம்மு வழி அதனால் அடைந்துபோனது. கூடவே அந்த இருபது சதவீத விதியும் போயிற்று. மத்தியச் சட்டத்தில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் மத்தம்பாலையில் கதவு சாத்தியது.

கதவு சாத்திய பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். பணம் போனவர் முதலில் தன் ஊர்ப் போலீசுக்குப் போவார். ஆபீஸ் தமிழ்நாட்டில் என்பதால் எல்லைக் கேள்வி எழும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பலமான சட்டம், உச்ச நீதிமன்றமும் 2011இல் அது செல்லும் என்றது. சொத்தை முடக்கி, விற்று, பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. ஆனால் அது ஒரு மாநிலத்தின் சட்டம். முடக்க வேண்டிய நிலம் கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், இருந்தால், இந்தப் பக்கத்து வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் கை கொடுத்தால்தான் காரியம் நடக்கும். கேரளத்திலும் 2013இல் இதே நோக்கத்தில் ஒரு சட்டம் வந்தது, அது கேரளத்தில். இடையில் திவால் மனு வேறு ஒரு நீதிமன்றத்தில். வெள்ளறடைக்காரர் ஒருவர் மலையாளத்தில் எழுதிய ரசீதை எடுத்துக்கொண்டு, தமிழில் புகார் எழுதிக் கொடுத்து, மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். போகவரச் செலவு, அன்றைய கூலி, வக்கீல். 50,000 ரூபாய் போட்டவர் இரண்டு வாய்தாவுக்கு மேல் போகமாட்டார். கம்பெனிக்கு மூலதனமாக இருந்த கோடு அவருக்கு மதிலாகிவிட்டது.

2017க்குப் பிறகு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம். நாடு முழுமைக்கும் ஒரே சட்டம். வைப்புதாரர்களோ சொத்தோ ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால் சி.பி.ஐ.க்கு அனுப்பலாம், சொத்து வழக்கை 180 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. முயல வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, அதே ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பெனி இருக்கும் இடத்தில், அல்லது வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த இடத்தில்தான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20 முதல், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்குப் போக வேண்டாம், திருவனந்தபுரத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கோட்டை அழித்த முதல் சட்டம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் இது உயிரோடு இருக்கிற கம்பெனிக்கு எதிராகத்தான் பயன்படும். வட்டி ஒரு மாதம் தவறியதும் போகிறவருக்கு ஏதாவது கிடைக்கும்; கதவு சாத்திய பிறகு போகிறவருக்குக் கிடைப்பது நல்ல தாளில் அச்சடித்த தீர்ப்பு.

ஆகவே கதவு சாத்துவதற்கு முன்னால் தெரிய வேண்டும். அது முடியாத காரியம் இல்லை. சிட்டி நிதிச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சந்தாதாரரின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தம் பதிவாளரிடம் போகிறது. தமிழ்நாட்டுப் பதிவாளரின் மேசையில் கிடக்கும் காகிதத்தில் இருபது பேரில் பதினைந்து பேருக்குக் கேரள முகவரி என்றால், அதைக் கண்டுபிடிக்கப் புலனாய்வு தேவையில்லை, வாசித்தாலே போதும். வாசித்த கையோடு திருவனந்தபுரத்துக்கு ஒரு நகல் அனுப்பச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம்; இரண்டு பதிவுத் துறைகளும் பேசி ஒரு சுற்றறிக்கை போட்டால் நடக்கும். கேரளத்தில் பதிவாகித் தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் சிட்டிகளுக்கும் அப்படியே. முறையாக அனுமதி பெற்ற சிட்டிகளின் பட்டியலை வருடம் இரண்டு முறை தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, பளுகல் பேரூராட்சியிலும் பாறசாலை, குன்னத்துக்கால், காரோடு பஞ்சாயத்துகளிலும் ஒட்டலாம். பட்டியலில் பெயர் இல்லாத கம்பெனியின் விளம்பரத்தைத் திருவிழா நோட்டீசின் பின்னட்டையில் போடுவதில்லை என்று கோயில் கமிட்டியும் சபைக் கமிட்டியும் தீர்மானம் போடலாம். அந்தப் பின்னட்டைக்கு வரும் பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆகவே இது எளிது என்று சொல்லமாட்டேன்.

இந்தச் சுற்றறிக்கையைக் கேட்டு இரண்டு மாநிலப் பதிவுத் துறைத் தலைவர்களுக்கும் மனு ஒன்று தயார் செய்திருக்கிறேன். வெளியே புத்தக மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பெயரோடு முகவரியையும் எழுதுங்கள், எந்த மாநிலம் என்பதையும் சேர்த்து.